நின்டெண்டோ 64: வலிமையான இயந்திரமும் விலகிப்போன நிறுவனங்களும்

வீடியோ கேம் ஆடுவதற்கான புதிய கன்சோல் ஒன்று அறிவிக்கப்பட்ட அன்றே அதன் டெராஃப்ளாப்ஸ் (கணக்கிடும் வேகம்) எவ்வளவு, நினைவகம் எத்தனை ஜிபி என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவது கேம் ஆடுபவர்களிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது எளிது என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கன்சோலுக்குக் கேம் எழுதப்போகும் வெளி நிறுவனங்கள் தயாரிப்பாளருக்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும், எப்போது கட்ட வேண்டும், விற்காமல் தேங்கினால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பவை எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் ஒரு கன்சோலின் தலையெழுத்தை எழுதுபவை பெரும்பாலும் இவைதான் என்பது என் கட்சி. அது மட்டுமன்று, வன்பொருள் சார்ந்த முடிவு என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதே பல சமயம் வணிக உறவு சார்ந்த முடிவாக இருக்கிறது. இதற்கு நின்டெண்டோ 64-ஐவிடத் தெளிவான சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

அந்த இயந்திரம் 1996 ஜூன் 23 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஹாலிவுட் படங்களுக்கான கணினி வரைகலைக்கு அப்போது முதன்மையான பெயராக இருந்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து வடிவமைக்கப்பட்டது. அதன் ப்ராசஸர் 93.75 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. ஒன்றரை ஆண்டுக்கு முன்பே, 1994 டிசம்பர் 3 அன்று, சந்தைக்கு வந்துவிட்ட சோனியின் பிளேஸ்டேஷனில் இருந்தது ஏறத்தாழ 33.9 மெகாஹெர்ட்ஸ்தான். பிளேஸ்டேஷனில் முதன்மை நினைவகம் 2 எம்பி, காட்சிக்குத் தனியாக 1 எம்பி. நின்டெண்டோ 64-இல் 4 எம்பி, கூடுதல் பாகம் ஒன்றைச் செருகினால் 8 எம்பி.

எண்களை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். பிளேஸ்டேஷனில் ஓடும் முப்பரிமாண கேம் ஒன்றில் கேமராவைச் சற்றே திருப்பினால், தரையில் பதித்த கற்களின் நேர்க்கோடுகள் வளைந்து நெளியும். தொலைவில் உள்ள சுவர்களின் ஓரங்கள் துடிக்கும். பரப்பின்மேல் படத்தை ஒட்டும்போது ஆழத்தைக் கணக்கில் எடுக்கும் வசதி அதன் வன்பொருளில் இல்லாததே தரை நெளிவதற்குக் காரணம். எந்தப் பொருள் முன்னே, எந்தப் பொருள் பின்னே என்று புள்ளிதோறும் சரிபார்க்கும் வசதியும் அதில் இல்லை. நின்டெண்டோ 64-இல் இவை இரண்டும் இருந்தன. சூப்பர் மாரியோ 64-இல் கோட்டையின் முன்வாசலில் நின்று கேமராவைச் சுழற்றினால் எல்லாம் இருந்த இடத்தில் உறுதியாக நிற்கும். அந்த உறுதியை அன்று வீட்டுக் கன்சோலில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இறுதிக் கணக்கில் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கும் மேல் விற்றது. நின்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 29 லட்சத்தோடு நின்றுவிட்டது.

இந்த விற்பனை இடைவெளியைப் புரிந்துகொள்ள, எண்பதுகளுக்கு, நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான ஃபேமிகாமின் காலத்துக்குப் போக வேண்டும். 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை தரமற்ற கேம்களின் பெருக்கத்தால் சரிந்ததைப் பார்த்த நின்டெண்டோ, தன் இயந்திரத்தில் என்ன ஓடலாம் என்பதைத் தானே முடிவு செய்யத் தீர்மானித்தது. அமெரிக்காவில் விற்ற இயந்திரங்களில் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. அதற்கு இணையான சில்லு இல்லாத கேட்ரிட்ஜ், அதாவது கேம் பதிந்த செருகுபெட்டி, ஓடாது. உரிமம் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து கேம்களுக்கு மேல் வெளியிடக் கூடாது. வெளியிட்ட கேமை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கன்சோலுக்குக் கொடுக்கக் கூடாது. கேட்ரிட்ஜ்களை நின்டெண்டோவிடமே முன்பணம் கட்டித் தயாரிக்கக் கொடுக்க வேண்டும். ஐந்து என்ற வரம்பைத் தாண்டுவதற்காகவே கொனாமி அமெரிக்காவில் அல்ட்ரா கேம்ஸ் என்ற இன்னொரு பெயரில் கடை திறந்தது. சந்தை முழுக்க நின்டெண்டோவின் கையில் இருந்தவரை எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இந்த நிபந்தனைகளை ஏற்றார்கள். நின்டெண்டோவின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும்: கடைக்காரர்களிடம் வீடியோ கேம் என்றாலே ஓடிப்போகும் அச்சம் நிலவிய நேரத்தில், அந்தக் கெடுபிடிதான் தொழிலை மீட்டது.

நாம்கோவின் கதை இதில் தனியாகக் கவனிக்கத்தக்கது. ஃபேமிகாமுக்கு முதலில் வந்த வெளி நிறுவனங்களில் ஒன்றான அதற்குத் தன் கேட்ரிட்ஜ்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் சலுகை தரப்பட்டிருந்தது. 1989-இல் ஒப்பந்தம் முடிந்தபோது பழைய சலுகைகளோடு புதுப்பிக்க நின்டெண்டோ மறுத்துவிட்டது. நாம்கோ நிறுவனர் மசாயா நகமுரா தம் மனக்கசப்பை ஒளிக்கவில்லை. நின்டெண்டோ ஏகபோகம் செய்கிறது என்று வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். சில ஆண்டுகள் கழித்து சோனி கன்சோல் செய்யப்போகிறது என்றதும், முதல் வரிசையில் வந்து நின்றது இதே நாம்கோதான். பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்த அன்றே நாம்கோவின் ரிட்ஜ் ரேசர் கேம் கடைகளில் இருந்தது. பிளேஸ்டேஷனின் வன்பொருளையே அடிப்படையாகக் கொண்டு காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களுக்கான சர்க்யூட் பலகை ஒன்றைச் செய்து அதில் டெக்கன் என்ற சண்டை கேமையும் நாம்கோ வெளியிட்டது. சொந்தமாகக் கேம் கன்சோல் விற்ற முன்னனுபவம் இல்லாத ஒரு மின்னணு நிறுவனத்துக்கு இதைவிட மதிப்புள்ள நற்சான்று கிடைத்திருக்காது.

சோனி இந்தத் தொழிலுக்கு வந்ததும்கூட ஓர் உறவு முறிந்ததால்தான். ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமுக்கு சிடி இயக்கி செய்துகொடுக்க சோனியும் நின்டெண்டோவும் ஒப்பந்தம் செய்திருந்தன. 1991 ஜூனில் சிகாகோவில் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் சோனி அதை அறிவித்த மறுநாளே, தான் பிலிப்ஸுடன் சேரப்போவதாக நின்டெண்டோ அறிவித்தது. சிடியில் வரும் கேம்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் பழைய ஒப்பந்தப்படி சோனியின் கைக்குப் போய்விடும் என்பதே காரணம். வெளி நிறுவனங்களிடமிருந்து வசூலிக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் சண்டை. தொழில்நுட்பத்தைப் பற்றி அங்கே யாரும் வாதாடவில்லை.

பிளேஸ்டேஷனை வடிவமைத்த கென் குடராகியின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். 1993-இல் தொடங்கப்பட்ட சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்டில் சோனியின் இசை நிறுவனமும் பங்குதாரர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இசைத் தொழிலில் இருந்தவர்களுக்கு சிடியை எப்படி விற்பது என்பது கைவந்த கலை. முதலில் கொஞ்சம் அச்சிட்டுக் கடைக்கு அனுப்பு, விற்றால் சில நாட்களில் மறுபடி அச்சிடு என்பதே அவர்களுடைய நடைமுறை. அதையே கேம்களுக்கும் கொண்டுவந்தார்கள்.

ஒரு நடுத்தர கேம் நிறுவனத்தின் கணக்கராக உங்களை எண்ணிக்கொண்டு இதைப் பாருங்கள். கேட்ரிட்ஜ் என்றால், கடையில் ஒரு பிரதி விற்பதற்குப் பல வாரங்கள் முன்பே, எத்தனை பிரதிகள் விற்கும் என்று ஊகித்து, அவ்வளவுக்கும் பணம் கட்ட வேண்டும். ஒவ்வொன்றினுள்ளும் நினைவகச் சில்லுகள் இருப்பதால், ஒரு கேட்ரிட்ஜின் அடக்கவிலை ஒரு சிடியின் விலையைப் போலப் பல மடங்கு. ஊகம் குறைவாகப் போனால், கேட்டு வரும் வாடிக்கையாளருக்குச் சரக்கு இருக்காது. மறு ஆர்டர் வந்து சேர்வதற்குள் அவர்களின் ஆர்வம் வடிந்துவிடும். ஊகம் கூடுதலாகப் போனால், கிடங்கில் தேங்கும் பிளாஸ்டிக்கை விற்றுத் தீர்க்க முடியாமல் நிறுவனமே மூழ்கலாம். சிடியில் இந்த இரண்டு அச்சமும் பெரிய அளவுக்கு இல்லை. விசித்திரமான கேமை, வெற்றி பெறுமா என்று தெரியாத கேமை, ஐயாயிரம் பேர்தான் வாங்குவார்கள் என்ற கேமை வெளியிடும் துணிச்சல் அங்கேதான் வரும்.

இத்தனையும் தெரிந்தும் நின்டெண்டோ தன் 64 பிட் இயந்திரத்துக்குக் கேட்ரிட்ஜையே தேர்ந்தெடுத்தது. சொன்ன காரணங்கள் பொய்யல்ல. சிடி மெதுவாகப் படிக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் முன் காத்திருக்க வேண்டும். சிடியை நகலெடுப்பது எளிது என்பதற்குச் சென்னை பர்மா பஜாரில் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்த பிளேஸ்டேஷன் தட்டுகளே போதுமான சாட்சி. ஆனால் கேட்ரிட்ஜ் தயாரிப்பே நின்டெண்டோவின் வருவாய்க்கும் பிடிக்கும் அச்சாணியாக இருந்தது என்பதையும் மறக்க முடியாது. அந்த ஒரு துளை, இயந்திரத்தின் தலையில் இருந்த அந்தச் செருகுவாய், வன்பொருள் வடிவமைப்பா, ஒப்பந்த நிபந்தனையா? எனக்கு இரண்டாவதாகவே தெரிகிறது.

வெளி நிறுவனங்களில் அந்த நிபந்தனையைப் படித்து முடிவெடுத்தவற்றில் முக்கியமானது ஸ்கொயர். ஃபைனல் ஃபேன்டஸி தொடரின் முதல் ஆறு பாகங்களும் நின்டெண்டோ இயந்திரங்களில் வந்தவை. ஏழாவதை முப்பரிமாணத்தில், நீண்ட அசைபடக் காட்சிகளோடு செய்ய ஹிரோனோபு சகாகுச்சியின் குழு விரும்பியது. சூப்பர் மாரியோ 64 மொத்தமும் 8 எம்பியில் அடங்கியது. நின்டெண்டோ 64-இன் ஆயுட்காலத்தில் வந்த மிகப் பெரிய கேட்ரிட்ஜே 64 எம்பிதான். ஒரு சிடியோ 650 எம்பி. ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று சிடிகளில் வந்தது. 1996 தொடக்கத்தில் ஸ்கொயர் தன் முடிவை அறிவித்தபோது நின்டெண்டோ 64 இன்னும் கடைக்கே வந்திருக்கவில்லை. வாங்குபவரின் பையையும் இது தொட்டது: சூப்பர் ஃபேமிகாமில் ஆறாம் பாகத்தின் விலை 11,400 யென், 1997 ஜனவரி 31 அன்று வந்த ஏழாம் பாகத்தின் விலை 6,800 யென். பெரிய கேம், குறைந்த விலை. இதற்கு எதிராக எந்த ப்ராசஸர் வேகத்தை எடுத்து வைப்பது?

அதே மாதத்தில் டிராகன் குவெஸ்டின் வெளியீட்டாளரான எனிக்ஸும் அடுத்த பாகம் பிளேஸ்டேஷனுக்கே என்று அறிவித்துவிட்டது. ஜப்பானில் இந்த இரண்டு தொடர்களும் போன பக்கம்தான் சந்தை போகும் என்பது அன்றைய நிலை. நின்டெண்டோ 64 ஜப்பானில் அறிமுகமான நாளில் அதற்கு இருந்தவை மூன்றே கேம்கள். அவற்றில் ஒன்று ஷோகி, அதாவது ஜப்பானிய சதுரங்கம். கேம்கள் குறைவாக இருந்தாலும் தரமாக இருக்கும் என்று தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதைக் கொள்கையாகவே பேசினார். உலகெங்கும் சேர்த்து அதற்கு வந்த கேம்கள் நானூறைத் தொடவில்லை. பிளேஸ்டேஷனுக்கு ஆயிரக்கணக்கில் வந்தன.

சரி, வந்தவர்களாவது அந்த வலிமையை முழுதாகப் பயன்படுத்த முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. பரப்புகளில் ஒட்டும் படங்களை வைத்துக்கொள்ள அந்த இயந்திரத்தில் இருந்த சிறப்பு நினைவகம் வெறும் 4 கேபி. 16 பிட் நிறத்தில் அதில் 64-க்கு 32 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு படம்தான் கொள்ளும். அதைப் பெரிய சுவர் முழுக்க இழுத்துப் பரப்பி, வன்பொருளே அதை மிருதுவாக்கிவிடும்போது, நின்டெண்டோ 64 கேம்களுக்கே உரிய அந்த மங்கலான, நீரில் கரைத்தாற்போன்ற தோற்றம் வந்துவிடும். வரைகலைச் சில்லின் நுண்நிரலை (அந்தச் சில்லை இயக்கும் அடிப்படை நிரலை) மாற்றி எழுதினால் இதைவிட நிறையச் செய்யலாம். ஆனால் அதற்கான கருவிகளையும் ஆவணங்களையும் வெளியாருக்குத் தர நின்டெண்டோ எளிதில் முன்வரவில்லை. ரேர், ஃபேக்டர் 5 போன்ற வெகுசில குழுக்களே சொந்தமாக நுண்நிரல் எழுதி, அந்த இயந்திரத்தால் என்ன முடியும் என்று காட்டின. ஆக, உறவு சரியில்லாத இடத்தில் வலிமையும் பூட்டிய பெட்டிக்குள்தான் கிடந்தது. இன்னொரு பக்கம், ஆர்வமுள்ள குழு என்ன செய்யும் என்பதற்கும் அங்கேயே எடுத்துக்காட்டு உண்டு: இரண்டு சிடிகளில் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-ஐ ஏஞ்சல் ஸ்டுடியோஸ் 1999-இல் அசைபடக் காட்சிகளோடு சேர்த்து 64 எம்பி கேட்ரிட்ஜுக்குள் திணித்துக் காட்டியது. வியக்கத்தக்க வேலைதான். ஆனால் இத்தனை பாடுபட்டால்தான் ஒரு கேமைக் கொண்டுவர முடியும் என்றால், மற்ற நிறுவனங்கள் ஏன் வரப்போகின்றன?

ஒரு மறுப்பை இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஒகாரினா ஆஃப் டைம், கோல்டன்ஐ, மாரியோ கார்ட் 64 என்று அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த கேம்களில் பல நின்டெண்டோ 64-இல்தான் இருந்தன, அவற்றை பிளேஸ்டேஷனில் செய்திருக்க முடியாது. உண்மை; எனக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்தினாலும் அவைதான் மேலே வரும். ஆனால் அவையெல்லாம் நின்டெண்டோவும் அதன் நெருங்கிய கூட்டாளிகளும் செய்தவை. வன்பொருள் வலிமை அதை உருவாக்கியவர்களுக்கு உதவுகிறது. மற்றவர்களை அழைத்துவர அது மட்டும் போதவில்லை.

மற்ற கன்சோல்களின் வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1990-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம், சேகா நிறுவனத்தின் ஜெனசிஸ் கன்சோலைத் தானாகவே பிரித்து ஆராய்ந்து, உரிமமே இல்லாமல் கேம் வெளியிட முடியும் என்று காட்டி, நல்ல நிபந்தனைகளைப் பேரம் பேசி வாங்கியது; அந்த உறவால் வந்த விளையாட்டுத்துறை கேம்கள் அமெரிக்காவில் ஜெனசிஸின் முதுகெலும்பாயின. அதே நிறுவனம் சேகாவின் ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூடத் தரவில்லை. 1998-இல் வந்த ட்ரீம்காஸ்டை யாரும் வலிமை குறைந்த இயந்திரம் என்று சொல்லவில்லை, ஆனால் 2001-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. பிளேஸ்டேஷன் 2 தன் தலைமுறையில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸைவிடவும் நின்டெண்டோவின் கேம்கியூபைவிடவும் வலிமை குறைந்தது, அதற்கு நிரல் எழுதுவதும் கடினம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ போன்ற தொடர்களைச் சில காலம் தனக்கு மட்டும் என்று சோனி ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது, விற்றது 15 கோடிக்கும் மேல்.

அந்த வெற்றியின் மயக்கத்தில் அதே சோனி சறுக்கியதுதான் பிளேஸ்டேஷன் 3. 2006 நவம்பரில் அமெரிக்காவில் 499, 599 டாலர் விலைகளில் வந்த அந்த இயந்திரத்தின் செல் ப்ராசஸர், தாளில் பார்த்தால் மலைக்க வைக்கும். நடைமுறையில், அதன் துணை ப்ராசஸர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 256 கேபி நினைவகம். முதன்மை நினைவகத்திலிருந்து தரவைத் துண்டுதுண்டாக அதற்குள் கொண்டுவருவதும் திருப்பி அனுப்புவதும் நிரலாளரே கையால் எழுத வேண்டிய வேலை. மூன்று ஒரே மாதிரியான ப்ராசஸர் கருக்களும் பொதுவான 512 எம்பி நினைவகமும் கொண்ட எக்ஸ்பாக்ஸ் 360-க்கு முதலில் எழுதிவிட்டுப் பிறகு இங்கே மாற்றுவதே பல நிறுவனங்களின் வழக்கமாயிற்று. விளைவு, வலிமை மிகுந்த இயந்திரத்தில் மங்கலாகவும் திக்கித் திக்கியும் ஓடிய கேம்கள். 2009-இல் வந்த பேயனெட்டாவை இரண்டிலும் ஆடிப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. 2008-இல் ஃபைனல் ஃபேன்டஸி 13 எக்ஸ்பாக்ஸுக்கும் வரும் என்று அறிவிக்கப்பட்டபோது சோனி ரசிகர்கள் கொதித்தது நியாயம்தான், ஆனால் கோபம் போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு.

அந்த 512 எம்பியின் பின்னணியும் சுவையானது. மைக்ரோசாஃப்ட் முதலில் திட்டமிட்டிருந்தது 256 எம்பி. கியர்ஸ் ஆஃப் வார் செய்துகொண்டிருந்த எபிக் கேம்ஸ், இரண்டு அளவுகளிலும் தன் கேம் எப்படித் தெரியும் என்று படம் பிடித்துக் காட்டி வற்புறுத்தியதால், பெருஞ்செலவென்று தெரிந்தே மைக்ரோசாஃப்ட் அதை இருமடங்காக்கியது. வெளியே இருப்பவர் சொல்வதைக் கேட்டதால் உள்ளே இருக்கும் வன்பொருள் வலிமை பெற்றது. சோனியும் இதைக் கற்றுக்கொண்டது: பிளேஸ்டேஷன் 4-ஐ வடிவமைத்த மார்க் செர்னி முதலில் கேம் குழுக்களிடம் சென்று அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரே தொகுப்பாக நினைவகம் வேண்டும் என்றார்கள். 8 ஜிபி ஜிடிடிஆர்5 வகை நினைவகம் அப்படி வந்ததுதான்.

வலிமை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு ஒரு கீழ் வரம்பு உண்டு, அதற்கும் கீழே போனால் நல்லுறவும் காப்பாற்றாது. 2011-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் தலைவர் ஜான் ரிச்சிடெல்லோ நின்டெண்டோவின் மேடையிலேயே ஏறி, அதன் அடுத்த கன்சோலான வீ யூவுக்கு முன்னெப்போதும் இல்லாத கூட்டணி என்று அறிவித்தார். 2012-இல் இயந்திரம் வந்தது, சில கேம்கள் வந்தன, அத்தோடு சரி. அடுத்த தலைமுறை கேம் எஞ்சின்களை (கேம்களை உருவாக்கி இயக்கும் அடிப்படை மென்பொருள்களை) அந்தப் பழைய ப்ராசஸருக்காகக் குறைத்து எழுதவும், குறைவாக விற்ற ஒரு கன்சோலுக்காகத் தனிக் குழு வைக்கவும் யாருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. 1 கோடியே 36 லட்சத்தோடு அது முடிந்தது. அதற்கு முந்தைய வீ, அதைவிடவும் வலிமை குறைந்தது, 10 கோடிக்கும் மேல் விற்றது; வெளியாரின் பெரிய கேம்கள் அதிகம் இல்லாமலேயே, அசைவைக் கொண்டு ஆடும் ஒரு புதுமையால். அந்த அதிர்ஷ்டத்தை இன்னொருவர் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று நான் நம்பவில்லை, நின்டெண்டோவாலேயே முடியவில்லை.

நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான ஸ்விட்சில் நிலைமை மாறியது. பலரும் அறிந்த என்விடியா சில்லு, அன்ரியல், யூனிட்டி எஞ்சின்களுக்குத் தொடக்கத்திலேயே ஆதரவு. சிறு குழுக்கள் முதல் பெரிய நிறுவனங்கள் வரை வந்துசேர்ந்தார்கள். பிளேஸ்டேஷன் 4-இன் வலிமையில் ஒரு பங்குதான் அதில் இருந்தது, 15 கோடிக்கும் மேல் விற்றது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 வலிமையில் பெரும் பாய்ச்சல். அது அறிமுகமான அன்றே வந்த சைபர்பங்க் 2077 முழுவதும் 64 ஜிபி கேட்ரிட்ஜில் இருந்தது. ஆனால் அதே நாளில் வெளி நிறுவனங்களிடமிருந்து வந்த பல கேம்களின் பெட்டியில் இருந்தது திறவுகோலாக மட்டும் செயல்படும் அட்டை. கேமை இணையத்தில்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். கையில் வாங்கியது முழுப் பொருளாக இல்லையே என்று ரசிகர்கள் வெளியீட்டாளர்களைத் திட்டித் தீர்க்கிறார்கள். ஒரு பிரதிக்குக் கேட்ரிட்ஜுக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது என்பது இன்றும் அந்த முடிவின் பெரும் பகுதி. டிஸ்குக்குப் பல மடங்கு கூடுதலாகச் செலவழித்து அதே விலைக்கு விற்க ஒரு நிறுவனத்தை நிர்ப்பந்திக்க முடியாது. அந்த இடைவெளியை ஈடுகட்டும் வசதி நின்டெண்டோவிடம்தான் இருக்கிறது, சிறிய கேம்களுக்குப் பொருந்தும் அளவில் மலிவான அட்டைகளைத் தருவதிலிருந்து அது தொடங்கலாம்.